மூச்சை எண்ணுகிறவர்கள்

பெங்களூருவிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் தாலுகாவின் பெரிய தொழிற்பேட்டை. இன்னும் சில கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழ்நாடு. தொழிற்சாலைகளுக்கு நடுவே 2000-ஆம் ஆண்டில் இங்கே ஓர் இதய மருத்துவமனை எழுந்தது. டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயணா ஹிருதயாலயா. இன்று அது பல மருத்துவமனைகள் சேர்ந்த ஒரு வளாகம். அதைச் சுற்றி லாட்ஜுகளும் மெஸ்களும் மருந்துக் கடைகளுமாக ஒரு சிற்றூரே முளைத்திருக்கிறது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறவர்களோடு மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளையும் அங்கே பார்க்கலாம்.

2008-ஆம் ஆண்டில் இங்கே 42 இதய அறுவை மருத்துவர்கள் 3,174 பைபாஸ் அறுவைகள் செய்தார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அதே ஆண்டு நடந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனை அறுவைகள் இவ்வளவு குறைந்த செலவில் எப்படி முடிகின்றன என்று உலகமே வியந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைப் பாடமாகவே வைத்தது.

அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கணக்குப் போடத் தோன்றுகிறது. பைபாஸ் முடிந்த நோயாளி நேராக ஐசியூவுக்கு வருகிறார். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நாளுக்கு மூன்று ஷிஃப்ட் என்று வைத்துக்கொண்டால், 3,174 பேருக்கும் முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும் 9,522 ஷிஃப்ட் வேண்டும். அதாவது, மருத்துவர் நெஞ்சைத் தைத்து மூடிய பிறகு 9,522 முறை யாரோ ஒருவர் எட்டு மணி நேரம் அந்தக் கட்டிலருகே கண் இமைக்காமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கிறவர்கள் தங்கள் வேலையில் நிறைவாக இருக்கிறார்களா, இங்கேயே நீடிக்க விரும்புகிறார்களா என்ற கேள்வி நிர்வாகத் துறையின் சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். நோயாளி பிழைப்பாரா என்ற கேள்வி அதற்குள்ளேதான் இருக்கிறது என்பதை அறிவியல் கண்டுபிடிக்க முப்பது நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் அந்த எட்டு மணி நேரத்துக்குள் போய்ப் பார்ப்போம். நோயாளியின் வாயில் வென்டிலேட்டர் குழாய். மணிக்கட்டு ரத்தக்குழாயில் அழுத்தத்தை அளக்கும் ஊசி. நெஞ்சுக்குள்ளிருந்து கசியும் ரத்தத்தை வெளியேற்ற வடிகுழாய். மணிக்கு மணி எவ்வளவு சிறுநீர் பிரிகிறது, எவ்வளவு ரத்தம் வடிகிறது என்று செவிலியர் அளந்து எழுதுகிறார். வடிகுழாயில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தால் நல்லது. ஆனால், நன்றாக வடிந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றுபோனால் அது நல்ல சேதியாக இல்லாமலும் போகலாம். குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அப்படியானால் வெளியே வராத ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நசுக்கத் தொடங்கும். ரத்த அழுத்தம் இறங்கும், நாடி வேகமெடுக்கும், கழுத்துச் சிரைகள் புடைக்கும், சிறுநீர் குறையும். தாளில் எழுதியதைப் பார்த்தால் ‘ரத்தக் கசிவு இல்லை’ என்ற நல்ல செய்தி. கட்டிலைப் பார்த்தால் சில நிமிடங்களில் உயிர் போகும் ஆபத்து. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து அறுவை மருத்துவரை உடனே கூப்பிடுவது செவிலியரின் வேலை. இதை முன்பு ஒருமுறையாவது நேரில் பார்த்த செவிலியருக்கும், புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

பொது வார்டில் இவ்வளவு கருவிகள் இல்லை. அங்கே மிகப் பழைய அளவு ஒன்று இருக்கிறது: மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். அது 25-ஐத் தொட்டால், மற்ற எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் உடலுக்குள் ஏதோ கெட்டுப்போகிறது என்று பொருள். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-ல் வகுத்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், 25-ஐ எட்டிய மூச்சுக்கு ஒற்றை அளவுக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்ச மதிப்பெண் கிடைக்கும். மூச்சை எண்ண ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். அந்த ஒரு நிமிடம்தான் ஆள் பற்றாத வார்டில் முதலில் காணாமல் போகிறது. முந்தைய ஷிஃப்டில் எழுதியிருந்த எண்ணே அடுத்த கட்டத்திலும் ஏறிவிடும்.

1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 பேரின் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தது. அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் உடல்நிலை மோசமானதற்கான குறிப்போ புதிய உபாதையோ பதிவாகியிருந்தது. திடீரென்று நடந்ததாக உறவினர்களிடம் சொல்லப்படும் மரணங்கள் பலவும் திடீரென்று நடப்பதில்லை. எட்டு மணி நேரம் என்பது ஒரு ஷிஃப்ட்.

1992-ல் ஜெஃப்ரி சில்பர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை ஒரு கருத்தாக்கமாகவே ஆக்கினார். அறுவைக்குப் பின் சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் உடலைப் பொறுத்தது. வந்த சிக்கலிலிருந்து அவரை மீட்க முடிகிறதா என்பது மருத்துவமனையைப் பொறுத்தது. நல்ல மருத்துவமனை என்பதற்கு அவர் தந்த அளவுகோல், சிக்கல் வந்தவர்களில் எத்தனை பேரைக் காப்பாற்ற முடிந்தது என்பது. காப்பாற்றுவதற்கு முதலில் யாராவது கவனிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வார்டில் கவனிக்க இருப்பவர் செவிலியர் ஒருவர்தான்.

இந்தக் கவனிப்புக்கும் செவிலியரின் பணி நிறைவுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்ட வியப்பான கதைக்கு இனி வரலாம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர் பஞ்சம். பெரும்பாலான மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சில இடங்களில் மட்டும் வந்தவர்கள் போகவில்லை. ஏன் என்று அறிய அமெரிக்க நர்சிங் அகாடமி 163 மருத்துவமனைகளை ஆராய்ந்து, ‘காந்தம்’ என்று சொல்லத்தக்க 41 மருத்துவமனைகளை 1983-ல் அடையாளம் காட்டியது. அங்கேயெல்லாம் வார்டு விஷயங்களை வார்டிலேயே முடிவு செய்யச் செவிலியருக்கு அதிகாரம் இருந்தது; நர்சிங் தலைமைக்கு நிர்வாகத்தில் உண்மையான இடம் இருந்தது; மருத்துவர்கள் செவிலியரின் சொல்லுக்குக் காது கொடுத்தார்கள்; மேலே படிக்க வழி இருந்தது. நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. செவிலியர் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்பது மட்டும்தான் கேள்வி.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1994-ல் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளர் அவற்றில் 39 மருத்துவமனைகளை எடுத்து, பல வகையிலும் அவற்றை ஒத்த 195 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டார். செவிலியர் விரும்பி இருந்த இடங்களில், முதிய நோயாளிகளின் இறப்பு விகிதம் 4.6 விழுக்காடு குறைவாக இருந்தது. செவிலியர் விரும்பி இருக்கிறார்களா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பொறுக்கிய மருத்துவமனைகளில் ஆட்கள் குறைவாகச் செத்தார்கள். இதை முதன்முதலாகப் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி புரட்டினேன்.

ஐக்கன் அங்கே நிற்கவில்லை. 2002-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் 10,184 செவிலியரையும் 2,32,342 அறுவை நோயாளிகளையும் சேர்த்து ஆராய்ந்தார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போதெல்லாம், நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறியது. அதே ஒரு நோயாளி கூடும்போது, செவிலியர் மனம் சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் நிறைவின்மை 15 விழுக்காடும் ஏறின. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இதையே திரும்பப் பார்த்தபோதும் அதே 7 விழுக்காடு வந்தது.

கவனமான வாசகர் இங்கே ஒரு சந்தேகம் எழுப்பலாம். செவிலியர் குறைவாக உள்ள மருத்துவமனை வேறு பலவற்றிலும் மோசமாக இருக்கும், அதனால்தான் இறப்பு கூடுகிறதோ? நியாயமான கேள்வி. அதற்காகவே ஜாக் நீடில்மன் குழு 2011-ல் ஒரே மருத்துவமனைக்குள் ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பார்த்தது. கட்டடம், மருத்துவர், கருவி எல்லாம் ஒன்றுதான். சுமார் 1,77,000 ஷிஃப்டுகள். ஆள் குறைந்த ஷிஃப்ட் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் நோயாளியின் இறப்பு அபாயம் 2 விழுக்காடு ஏறியது. அட்மிஷனும் டிஸ்சார்ஜுமாக அல்லோலகல்லோலப்பட்ட ஷிஃப்ட் என்றால் 4 விழுக்காடு. அதே மருத்துவமனை, அதே கட்டில்; மாறியது அன்றைய நெருக்கடி மட்டுமே.

எண்ணிக்கை மட்டும் போதுமா? போதாது. அனுபவம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்த்தால் ‘நீடித்திருப்பது’ ஏன் இவ்வளவு முக்கியம் என்று விளங்கும். 1990-களின் தொடக்கத்தில் பெத் கிராண்டல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான ஐசியூவில் வேலை செய்த அனுபவமிக்க செவிலியரிடம் பேசினார்கள். குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று வந்துவிட்டது என்று பரிசோதனை முடிவு வரும் முன்பே இவர்கள் சொல்லிவிடுகிறார்களே, எப்படி? ‘பார்த்தாலே தெரியும்’ என்றுதான் முதலில் பதில் வந்தது. ஒவ்வொரு சம்பவமாக நினைவுகூரச் சொல்லிக் கேட்கக் கேட்க, அவர்களே அறியாமல் கவனித்த அடையாளங்கள் வெளியே வந்தன: தோலின் நிறத்தில் மெல்லிய மாற்றம், குழந்தையின் துவண்ட தன்மை, பாலைச் செரிக்காமல் லேசாக உப்பும் வயிறு. அவற்றில் பல அன்றைய பாடப்புத்தகங்களில் இல்லை. சில, பெரியவர்களுக்குத் தொற்று வரும்போது தெரியும் அறிகுறிகளுக்கு நேர்மாறானவை. ஆக, மருத்துவ அறிவின் ஒரு பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறாமல், சில பெண்களின் கண்ணிலும் கையிலும் இருந்திருக்கிறது. பாட்ரிசியா பென்னர் 1984-லேயே இதைத் தன் நூலில் விளக்கியிருந்தார். புதிதாக வந்தவர் விதியைப் பார்க்கிறார். ஆண்டுகள் ஆக ஆக விதி மறைந்து, நோயாளி முழுதாகத் தெரியத் தொடங்குகிறார்.

இப்படிப்பட்ட ஒருவர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த மாதமே வேறொருவரை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். போனது திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும்.

அவர் ஏன் போகிறார்? இல்லை, ஏன் இருக்கிறார் என்று கேட்பதுதான் சரி. 1991-ல் ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு கனடா உளவியலாளர்கள், ஒருவர் ஒரு நிறுவனத்தில் நீடிப்பதற்கு மூன்று வேறு வேறு காரணங்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். இருக்கப் பிடித்திருப்பதால் இருப்பது. இருப்பது கடமை என்று நினைத்து இருப்பது. போக வழியில்லாமல் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் தெரியும். வருகைப் பதிவேட்டில் மூவருக்கும் அதே கையெழுத்துத்தான். வேலையின் தரத்தில் மூன்றும் வேறு. பிடித்து இருப்பவர் தன் பொறுப்பில் இல்லாத கட்டிலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். வழியில்லாமல் இருப்பவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இந்த மூன்றையும் ஆனேக்கல் வட்டாரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெங்களூருவும் சுற்றுப்புறமும் நர்சிங் கல்லூரிகள் நிறைந்த பகுதி. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இருபது வயதுப் பெண்கள் வருகிறார்கள். கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்கள் பலர். படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி, இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ப்பார்கள். பிறகு வளைகுடா நாடுகளுக்கான தேர்வு, அல்லது பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்குமான ஆங்கிலத் தேர்வு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை. அந்தப் பள்ளத்தை நோக்கி இங்கிருந்து ஆட்கள் ஓடுவது நீர் பள்ளம் நோக்கி ஓடுவது போலத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக் கடனை அடைத்து, தம்பியைப் படிக்கவைத்து, அப்பாவுக்கு மருந்து வாங்குவது அந்தச் சம்பளம்தான்.

போகாமல் தடுக்க நாட்டின் பல இடங்களில் நிர்வாகங்கள் கையாண்ட வழி பாண்டு. இத்தனை ஆண்டு வேலை செய்யாவிட்டால் பணம் கட்டு, அதுவரை சான்றிதழ் எங்களிடம் இருக்கட்டும். 2011-லும் 2012-லும் மும்பையிலும் கேரளத்திலும் செவிலியர் தெருவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மேயரும் ஆலனும் சொன்ன மூன்றாவது வகையைக் கையாலேயே உற்பத்தி செய்யும் முறை இது. ஆளைப் பிடித்து வைக்கலாம். அவருடைய கவனத்தைப் பிடித்து வைக்கப் பத்திரத்தால் முடியாது.

சம்பளம் பற்றி நேராகப் பேச வேண்டும். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் 1959-ல் சொன்ன புகழ்பெற்ற கருத்து ஒன்று உண்டு. நிறைவும் நிறைவின்மையும் ஒரே கோலின் இரு முனைகள் இல்லை. அவை இரண்டு தனித்தனிக் கோல்கள். சம்பளம், தங்குமிடம், மேலதிகாரியின் நடத்தை இவையெல்லாம் சரியில்லாவிட்டால் நிறைவின்மை வரும். சரியாக இருந்தால் நிறைவின்மை போகும், அவ்வளவே. நிறைவு வருவது பொறுப்பிலிருந்தும் அங்கீகாரத்திலிருந்தும் வளர்ச்சியிலிருந்தும். இந்தக் கோட்பாட்டைச் சில நிர்வாகிகள் வசதியாகப் பிடித்துக்கொண்டு, பணம் முக்கியமில்லை, பாராட்டு போதும் என்று மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டிக் கொடுப்பார்கள். ஹெர்ஸ்பர்க் சொன்னதன் முதல் பாதியை அவர்கள் படிக்கவில்லை. முதல் தளம் கட்டாமல் இரண்டாம் தளம் எழும்பாது.

நம் நாட்டில் முதல் தளத்தின் நிலை ஊரறிந்தது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளம் 2018-ல் தனியார் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அறிவிக்கை வெளியிட்டது. அரசுத் துறையிலும் எல்லாம் நேராக இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015-ல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர், 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்துவந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த 7,700 ரூபாய்தான் பிரசவ வார்டில் இரவெல்லாம் நின்றவர்களின் மாதச் சம்பளம்.

சம்பளம் சரியான பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். அதை லண்டனில் ஒரு மனப் பகுப்பாய்வாளர் கண்டார். இசபெல் மென்சீஸ் 1960-ல் வெளியிட்ட ஆய்வு அது. லண்டனின் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையில் நர்சிங் மாணவியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமல், பெரும்பாலும் தாமாகவே, கிளம்பிப் போனார்கள். பலவீனமானவர்கள் போயிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். போனவர்களில் நல்ல முதிர்ச்சி உள்ளவர்களும் கணிசமாக இருந்ததாகத் தெரிந்தது. மென்சீஸ் உள்ளே போய்ப் பார்த்தார். வலி, மரணம், கழிவு, அழுகை என்று தினமும் நெஞ்சை உலுக்கும் வேலை. அந்தப் பதற்றம் தாக்காமல் இருக்க மருத்துவமனையே தன்னை அறியாமல் ஒரு கவசத்தைப் பின்னியிருந்தது. ஒரு செவிலியர் ஒரு நோயாளியோடு இருக்கவிடாமல் வேலையைத் துண்டு துண்டாக்கி, முப்பது பேருக்கும் ஒருவரே வெப்பமானி வைப்பது, ஒருவரே மருந்து கொடுப்பது என்று பிரித்தது. பெயருக்குப் பதில் கட்டில் எண்ணும் நோயின் பெயரும். ஒரு வார்டில் மனம் ஒட்டுவதற்குள் அடுத்த வார்டுக்கு மாற்றம். கவசம் பதற்றத்தைக் குறைக்கவில்லை. எதற்காக இந்த வேலைக்கு வந்தார்களோ அந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டது. ஒரு மனிதரைத் தேற்றி நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும் நிறைவு அவர்களுக்குக் கிடைக்காமலே போனது.

நம் ஊர் வார்டில் இரவு ஒருமுறை துணைக்குத் தங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு சிஸ்டர் ஊசி போட்டுவிட்டுப் போவார், இன்னொருவர் டிரிப் மாற்றுவார், மூன்றாமவர் கேஸ் ஷீட்டோடு வந்து கையெழுத்து வாங்குவார். கேள்வி கேட்டால், ‘டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேளுங்க’. கடுகடுப்பு அவருடைய குணம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 36 மருத்துவமனைகளில் 767 செவிலியரின் நேரத்தை அளந்தது. அவர்களின் நர்சிங் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதுவதிலேயே போனது. நேரடியாக நோயாளியைப் பராமரிப்பதற்கு ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பீட்ரிஸ் காலிஷ் என்ற ஆய்வாளர் 2006-ல், நேரமில்லாமல் விட்டுப்போகும் வேலைகள் எவை என்று செவிலியரிடமே கேட்டுப் பட்டியலிட்டார். நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது, வாய் துடைப்பது, வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, ஆறுதலாக இரண்டு வார்த்தை. ஒரு மருந்துகூட விட்டுப்போகவில்லை என்று மருந்துப் பதிவுத் தாள் காட்டும். இவையெல்லாம் விட்டுப்போனதை யார் அறிவார்? நோயாளியும் அந்தச் செவிலியரும் மட்டும். புரட்டாமல் விட்ட முதுகில் படுக்கைப்புண் வரும். சரியானது இன்னது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் தவிக்கும் இந்த நிலையை ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறவியலாளர் 1984-ல் அறவியல் வேதனை என்று குறிப்பிட்டார். நிறைவின்மை என்று நாம் கணக்கெடுப்பில் குறிப்பது பெரும்பாலும் இதைத்தான் என்பது என் எண்ணம். வேலையை வெறுப்பவர்களுக்கு இந்த வேதனை வராது.

பேச முடிகிறதா என்பது இன்னொரு பெரிய விஷயம். ஏமி எட்மண்ட்சன் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. பிறகுதான் விளங்கியது: அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, அங்கேதான் அவற்றைச் சொல்ல முடிந்தது. திட்டு விழும் வார்டில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தாள் காட்டும். 1996-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பை ஆனேக்கலின் ஓர் இரவு வார்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். மலையாளம் பேசும் இளம் செவிலியர், வங்க மொழி மட்டுமே தெரிந்த நோயாளி, கன்னடம் பேசும் ஆயா, போனில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர். ‘சார், பிபி எல்லாம் நார்மல்தான், ஆனா பேஷன்ட் எனக்கு சரியாத் தெரியல’ என்று அந்தப் பெண் துணிந்து சொல்ல வேண்டும். போன முறை இப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால், இந்த முறை எண்கள் இறங்கும்வரை காத்திருப்பார். மீட்பதற்கான நேரம் அங்கேதான் நழுவுகிறது.

2007 நவம்பரில் இந்த பொம்மசந்திரா வளாகத்தில் உள்ள ஸ்பர்ஷ் மருத்துவமனையில், உடலோடு ஒட்டிய இரட்டையால் நான்கு கை நான்கு காலோடு பிறந்த 2 வயது பீகார் குழந்தைக்குச் சுமார் 27 மணி நேர அறுவை நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. அந்தச் சாதனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அறுவை முடிந்து குழந்தை ஐசியூவுக்குப் போனதும் கேமராக்கள் கிளம்பிவிட்டன. வலியை வாயால் சொல்லத் தெரியாத ஒரு குழந்தையின் மூச்சை அதன் பிறகு எண்ணியவர்கள் யாரென்று எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை.

செவிலியரின் இந்த நிலை மாற்ற முடியாததா? இதே நாராயணா குழுமத்தில் 2010-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினார்கள். வராந்தாவில் கவலையோடு காத்திருக்கும் உறவினர்களை உட்காரவைத்து, காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது பயப்பட வேண்டும், எந்த மருந்து எப்போது என்று செவிலியரே வகுப்பெடுப்பார்கள். இன்று நூரா ஹெல்த் என்ற அமைப்பாக அது பல மாநில அரசு மருத்துவமனைகளுக்கும் போயிருக்கிறது. காலிஷின் பட்டியலில் விட்டுப்போன ‘சொல்லிக்கொடுப்பது’ இங்கே செவிலியரின் கைக்குத் திரும்பி வருகிறது. வகுப்பின் முன்னால் நின்று பேசும் செவிலியரை உறவினர்கள் பார்க்கும் பார்வையே வேறு. 2017 முதல் தீவிர சிகிச்சைக்கான செவிலிய நிபுணர் என்ற முதுநிலைப் படிப்பும் நம் நாட்டில் வந்திருக்கிறது. கட்டிலருகே இருந்துகொண்டே மேலே வளர ஒரு படி. இதுவரை நல்ல செவிலியருக்குப் பதவி உயர்வு என்றால் கட்டிலை விட்டு மேசைக்குப் போவதுதான்.

எண்ணிக்கையைச் சரிசெய்யச் செலவாகும் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல், 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளி, இரவில் ஏழு என்று சட்டம் போட்டது. 2021-ல் லான்செட் இதழில் வந்த மதிப்பீட்டில், கூடுதல் ஆட்களுக்கு ஆன செலவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும் மறு அட்மிஷன் குறைந்ததிலும் மிச்சமானது. தவிர்க்கப்பட்ட மரணங்கள் 145 என்று கணக்கிட்டார்கள்.

இந்தியாவில் பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்று நர்சிங் கவுன்சிலின் அளவு ஏற்கெனவே இருக்கிறது. அது நடக்கிறதா என்று நோயாளிக்குத் தெரிய வழியில்லை. மருத்துவமனை வாசலில் டாக்டர்களின் பட்டங்கள் எழுதியிருக்கும், அறை வாடகை எழுதியிருக்கும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரின்றித் தவித்ததை விசாரித்த ஃபிரான்சிஸ் ஆணையத்தின் அறிக்கை 2013-ல் வந்தது. அதன் பிறகு அங்கே அரசு மருத்துவமனை வார்டுகளின் வாசலில் ஒரு பலகை வைக்கச் சொன்னார்கள். இந்த ஷிஃப்டில் இருக்க வேண்டிய செவிலியர் எத்தனை பேர், இப்போது இருப்பவர் எத்தனை பேர். இரண்டே எண்கள், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாற்றி எழுத வேண்டும். ஆனேக்கல் தாலுகா அரசு மருத்துவமனையிலோ பொம்மசந்திராவின் தனியார் வார்டுகளிலோ அப்படி ஒரு பலகை வைக்க ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் என்று அதில் எழுதியிருந்தால், மருந்து தாமதமாகும்போது உறவினர் யாரிடம் கோபப்பட வேண்டும் என்று தெரியும். விட்டுப்போன வேலைகளை நினைத்துக்கொண்டே காலையில் ஹாஸ்டலுக்கு நடக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.